தனியே வராத சொல்

"வேலை…" என்று பாதியில் நிறுத்திவிட்டு, பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், டீச்சரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கு வாயின் வலது ஓரம் தொங்கிப்போயிருந்தது. அந்த ஓரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார் தங்கையின் கணவர். தங்கை கதவருகில் நின்றாள்.

"வெட்டி," என்றார் டீச்சர். அதோடு விடவில்லை. "வெட்டி இல்லாதவன்."

அட்சரம் பிசகாத உச்சரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் "அது… அது…" என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. பயிற்சிக்காரப் பெண் கைதட்டினாள். "சூப்பர்ம்மா! நான் ஒண்ணு கேட்டா நீங்க ரெண்டு சொல்றீங்களே!"

தங்கையும் அவள் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இருபது வருஷம் ஆச்சு டீச்சர்! ஒரு எழுத்துகூட மறக்கல பாருங்க!"

அந்தப் பேச்சு அவருக்குப் புதிதல்ல. அவர் லிப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர்தான். அந்தக் காலத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் வேலை இல்லாத அந்தச் சமயம் பார்த்துத்தான் டீச்சர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனார். டீச்சர் அவரை உட்காரச் சொல்லவில்லை. படிப்பு என்ன, வேலை என்ன என்று கேட்டார். "வேலை வெட்டி இல்லாதவன்கிட்டப் பேச எனக்கு நேரமில்லை," என்று கதவைச் சாத்தினார். அன்றே வீட்டை விட்டுக் கிளம்பிய தங்கையிடம், "போறவ திரும்பி வர வேண்டாம்," என்றார். டீச்சர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் தங்கையை வளர்த்ததே அவர்தான். சின்னவளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து தங்கைக்கும் சொல்லிக்கொடுத்தார். "குட்டி, இங்க வா" என்பார். குட்டி சமையலறை வாசலில் நின்று அன்றைய இங்கிலீஷ் வாக்கியத்தைத் தப்பில்லாமல் ஒப்பிக்க வேண்டும். அதன் பிறகுதான் தட்டு வைக்கப்படும். எத்தனையோ நாள் சோறு ஆறிப்போயிருக்கிறது. கடைசியில் குட்டி பரீட்சையில் இங்கிலீஷிலேயே தோற்றாள். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மெழுகில் பல் பதிக்கவும், ஈறு நிறத்துக்கு அக்ரிலிக் கலக்கவும், மெருகு போடவும் கற்றுக்கொண்டாள். அந்தக் கட்டிடத்து லிப்டைச் சரிபார்க்க வந்தவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

இருபது வருஷமும் அக்காவும் தங்கையும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். யாரும் மாறவில்லை.

ஒரு நாள் டீச்சரின் குளியலறையிலிருந்து தண்ணீர் வழிந்து படிக்கட்டு வரைக்கும் வந்தது. கீழ்வீட்டுக்காரர் கதவை உடைத்துப் பார்த்தபோது டீச்சர் தரையில் கிடந்தார். பக்கவாதம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சின்னவளுக்குப் போன் வந்தது.

"இங்க கூட்டிட்டு வந்துடுவோம்," என்றார் லிப்ட்காரர்.

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். அன்னிக்கு எனக்கு வேலை இல்லதானே? அவங்க ஒண்ணும் பொய் சொல்லலையே."

ஆறாவது மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ஜன்னல் வழியே எதிர்க் கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய்களும், அப்பால் பஸ்கள் நிறுத்துமிடமும் தெரியும். டீச்சருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காது கேட்டது, கண் தெரிந்தது. சொல்தான் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைப் பார்ப்பார். டம்ளரைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் நெற்றி சுருங்கும், உதடு தவிக்கும், கடைசியில் "அது…" என்பார்.

பயிற்சிக்காரப் பெண் வெளியே லிப்டுக்காகக் காத்திருக்கும்போது சின்னவளிடம் விளக்கினாள்.

"தனி வார்த்தை வர்றது கஷ்டம்க்கா. மூளையில அந்த இடம் அடிபட்டுடுச்சு. ஆனா சேர்ந்தே பழகின வார்த்தை வேற இடத்துல இருக்கும். நகைன்னா நட்டு, சாக்குன்னா போக்கு. ஒண்ணைத் தூக்கினா இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு வரும்."

"அப்போ அவ புரிஞ்சு பேசறான்னு அர்த்தமா?"

"அங்கதான் ஏமாந்துடக் கூடாது. வாய் சொல்லுது, அவ்வளவுதான். மனசு சொல்றதா எடுத்துக்காதீங்க. நல்லதோ கெட்டதோ."

சின்னவள் தலையாட்டினாள். வெட்டி இல்லாதவன் என்று சொன்னது மனசு இல்லை, வாய்தான். அதுவரைக்கும் நிம்மதி.

லிப்ட்காரருக்குப் பெரும்பாலும் காலை ஷிப்ட். அதுவரை பக்கத்து வீட்டம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள், மதியத்துக்கு மேல் அவர்தான் டீச்சரைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் ஆபீஸுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். "கயிறு மாத்தியே ஆகணும் சார். நான் இழுத்து வெச்சதுல ஒண்ணும் இல்ல. இதெல்லாம் தேய்மானம், வியர் அண்ட்… என்ன அது, வியர் அண்ட்…"

"டேர்," என்றது கட்டில்.

அவர் திரும்பிப் பார்த்தார். "டியரா டீச்சர்?"

"டேர்," என்றார் டீச்சர், கண்டிப்பாக. அவர் முகத்தில் பழைய டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

லிப்ட்காரருக்கு இருந்த இங்கிலீஷ் எல்லாம் லிப்டுக்குள் எழுதியிருக்கும் இங்கிலீஷ்தான். மறுநாள் ஆபீஸில் பாதுகாப்புச் சோதனை செய்யும் பெரியவரிடம் போனார். அந்த மனிதர் இங்கிலீஷ் நாவல் பைத்தியம். மத்தியான நேரத்தில் மோட்டார் அறையில் உட்கார்ந்து படிப்பவர்.

"இந்த மாதிரி பிரியாத ஜோடி இங்கிலீஷ்ல எத்தனை இருக்கு சார்?"

"ஜோடி ஏகப்பட்டது இருக்கு. அதுல சிலது வேடிக்கையானது," என்றார் அவர். "ஒரு காலத்துல நல்லா நடமாடிட்டு இருந்த வார்த்தை, இப்போ செத்துப்போச்சு. தனியா எங்கயும் பாக்க முடியாது. ஏதோ ஒரு சொற்றொடர்ல மட்டும் குடிக்கூலி கொடுக்காம உட்காந்திருக்கும். டு அண்ட் ஃப்ரோன்னு சொல்றோமே, ஃப்ரோன்னு தனியா யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா? நம்ம அக்கம் பக்கம் மாதிரி. பக்கம் தெரியும். அக்கம் எங்க இருக்கு? அதுல யாராவது குடியிருக்காங்களா?"

அன்று மதியம் லிப்ட்காரர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "டு அண்ட்…" என்றார். "ஃப்ரோ." "ஸ்பிக் அண்ட்…" "ஸ்பேன்." "கித் அண்ட்…" "கின்." சொல்லச் சொல்ல டீச்சரின் முதுகு தலையணையை விட்டு எழும்பியது. இந்த வார்த்தைகளையெல்லாம் அவர் முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதி அழித்தவர்.

தினமும் இரண்டு புது ஜோடி வந்தது. லிப்ட்காரர் உச்சரிப்பில் தப்பு செய்தால் டீச்சரின் இடது கை அவர் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டும்.

"இன் ஹை…"

"டட்ஜன்."

"டஜன் தெரியும் டீச்சர். டட்ஜன்னா? அதுல பாதியா?"

டீச்சரின் இடது பாதி முகம் சிரித்தது. கோபத்தில் முறுக்கிக்கொண்டு போவதுதான் டட்ஜன் என்று பெரியவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், லிப்ட்காரர் தெரிந்தேதான் கேட்டார்.

சின்னவள் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். நகக்கண்ணில் ரோஸ் நிற அக்ரிலிக்கும் தலைமுடியில் பிளாஸ்டர் தூசியுமாகக் கதவைத் திறப்பாள். சிரிப்பு நின்றுவிடும். டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"நீயும் வந்து உக்காரேன்," என்பார் லிப்ட்காரர். "எனக்குத் தெரிஞ்ச சரக்கு தீந்துபோச்சு. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாத் தெரியுமே."

தெரியும். ஒவ்வொன்றும் தெரியும். சமையலறை வாசலில் நின்று பசியோடு ஒப்பித்தவை. "எனக்கு வேலை கிடக்கு," என்று உள்ளே போய்விடுவாள். கதவு சாத்தினவளையும், சாத்தின கதவுக்கு வெளியே நின்ற மனிதனையும் ஒருசேரப் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சு எரிந்தது. இவருக்கு எப்படி இது முடிகிறது? தனக்கு ஏன் முடியவில்லை? சிரிப்பாவது தான் வந்தபிறகும் ஒரு நிமிஷம் நீடிக்கக் கூடாதா?

ஒரு தடவை பயிற்சிக்காரப் பெண் அவசரமாக வந்தாள். இன்னும் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். நான்கு கேள்வி கேட்டுவிட்டுப் பையை மாட்டினாள். அவள் கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஷார்ட் ஷ்ரிஃப்ட்."

லிப்ட்காரர் துள்ளிக் குதிக்காத குறை. ஒருவரை மதிக்காமல் ஒப்புக்கு இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிடுவதற்கு அப்படிச் சொல்வார்கள் என்று பெரியவர் சொல்லி அவருக்குத் தெரியும். "பாத்தியாம்மா?" என்றார் மனைவியிடம். "யாரும் எடுத்துக் கொடுக்கல. தானா சொன்னாங்க. அந்தப் பொண்ணு செஞ்சதுக்குச் சரியாச் சொன்னாங்க!"

பயிற்சிக்காரப் பெண் முகம் சிவந்து, "தற்செயலா இருக்கும் சார்," என்றாள். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சின்னவளின் நிம்மதி போயிற்று. வாய் மட்டும்தான் பேசுகிறது என்றால் அக்காவிடம் எதிர்பார்க்க எதுவும் இல்லை. மனசும் பேசுகிறது என்றால்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டம்மா பார்க்க வந்தாள். லிப்ட்காரர் வீட்டில் இல்லை. எங்கோ லிப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்து போயிருந்தார். சின்னவள் அடுப்படியில் இருந்தாள். பக்கத்து வீட்டம்மா நாற்காலியில் சாய்ந்து தன் கதையை அளந்துகொண்டிருந்தாள். "என்ன இருந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்க. இந்த வயசுல நம்மைப் பாத்துக்க ஒரு பிள்ளை…" இருமல் வந்து நிறுத்தினாள்.

"குட்டி," என்றார் டீச்சர்.

சின்னவளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இருபது வருஷத்தில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. சொல்ல உலகத்தில் வேறு யாரும் இல்லை. கரண்டியோடு கூடத்துக்கு ஓடினாள். "என்னக்கா? என்னைக் கூப்பிட்டியா?"

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டம்மா இருமல் அடங்கி, "ஆமா, பிள்ளைகுட்டின்னு ஒண்ணு வேணும்ல, அதைத்தான் சொல்லிட்டு இருந்தேன்," என்றாள்.

அவள் போனபிறகு சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அத்தனை நாளில் அப்படி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அக்காவின் உயிருள்ள கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் யாரு?"

நெற்றி சுருங்கியது. உதடு தவித்தது. "அது… அது…"

"என் பேரு சொல்லுக்கா. இப்போ சொன்னியே."

"அது…"

சின்னவளுக்குச் செய்ய மனமில்லை. இருந்தும் செய்தாள். "பிள்ளை…" என்றாள்.

"குட்டி."

"பிள்ளை…"

"குட்டி."

"பிள்ளை…"

"குட்டி."

ஒவ்வொரு தடவையும் அதே குரல், அதே வேகம். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிவதைப்போல. சின்னவள் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள். கணவர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "பிள்ளைகுட்டி இல்லாத வீட்டுல பிள்ளைகுட்டியைப் பத்திப் பேச்சு," என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலம் தொடங்கியபோது டீச்சரைக் குளியலறையிலிருந்து தூக்கி வரும்போது லிப்ட்காரரின் கால் வழுக்கியது. டீச்சரைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் இடுப்பில் ஏதோ 'மளுக்'கென்றது. டிஸ்க் விலகியிருக்கிறது, ஆறு மாதமாவது எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். கூடத்தில் கட்டிலில் டீச்சர், கீழே தரையில் பாய் போட்டு லிப்ட்காரர். சின்னவள் விடிவதற்குள் எழுந்து இருவருக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு லேப்புக்கு ஓடினாள். ஓய்வு ஒழிச்சல் கிடையாது. மெருகு போடும் சக்கரத்தின் முன்னால் தூங்கி வழிந்து ஒருநாள் விரலைக் கிழித்துக்கொண்டாள். பகலில் ஆளை வைத்துப் பார்த்தார்கள், வந்தவர்கள் நிலைக்கவில்லை.

"ஒரு இல்லம் இருக்காம். நர்ஸெல்லாம் இருக்காங்களாம்," என்றாள் சின்னவள்.

"என் இடுப்பு சரியாகுற வரைக்கும் பொறுத்துக்கோயேன்," என்றார் லிப்ட்காரர் பாயிலிருந்து.

"என்னால முடியல."

"உன்னால முடியலங்கறது எனக்குத் தெரியுது. ஆனா அவங்களை அங்க விட்டா பேச்சு போயிடும். யாரு எடுத்துக் கொடுப்பா?"

"அது பேச்சு இல்லைங்க. எத்தனை தடவைதான் சொல்றது?"

சொன்ன வேகத்தில் குரல் உயர்ந்துவிட்டது. கட்டிலில் டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோய் விடுவது என்று முடிவானது.

போகிற நாளில் லிப்ட்காரரால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. பாயில் படுத்தபடியே டீச்சரின் கையைப் பிடித்து, "கொஞ்ச நாள்தான் டீச்சர். இடுப்பு நிமிர்ந்ததும் நானே வந்து கூட்டிட்டு வரேன்," என்றார். டீச்சர் அவர் மணிக்கட்டில் மெதுவாகத் தட்டினார்.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. நீண்ட நடை, இருபுறமும் கதவுகள், பினாயில் வாசனை. வரவேற்பில் இருந்த பெண் "நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டாள். "தங்கச்சி," என்றாள் சின்னவள். கையெழுத்துப் போட்டாள். ஓர் ஆயா சக்கர நாற்காலியைத் தள்ள வந்தாள். சின்னவள் குனிந்து, அக்காவின் மடியில் போர்வையைச் சரிசெய்தாள்.

டீச்சரின் இடது கை அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. பிடி இறுகியது. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜன்னலையே பார்த்த கண்கள் அவள் முகத்தை நேராகப் பார்த்தன. நெற்றி சுருங்கியது. உதடு ஒன்றைத் தேடிப்போய், கிடைக்காமல் திரும்பி, மறுபடியும் போயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது.

"லர்ச்," என்றார்.

ஆயா குனிந்தாள். "என்ன கேக்குறாங்க? லஞ்சா? இதோ கொஞ்ச நேரத்துல வந்துடும்மா. வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்."

சின்னவளுக்கு அது லஞ்ச் இல்லை என்று தெரிந்தது. பத்து வயதில் சமையலறை வாசலில் நின்று அந்த வாக்கியத்தை ஒப்பித்திருக்கிறாள். லெஃப்ட் இன் த லர்ச். நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனார்கள். "லர்ச்னா என்னக்கா?" என்று அன்றைக்குக் கேட்டாள். "தனியா அதுக்கு அர்த்தம் கிடையாது குட்டி. தனியா அதை யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா தப்பு," என்றார் அக்கா.

இங்கே யாரும் முதல் பாதியை எடுத்துக் கொடுக்கவில்லை. ஒட்டிக்கொண்டு வர எதுவும் இல்லை. இல்லாத இடத்திலிருந்து, தப்பென்று தெரிந்தும், ஒற்றைச் சொல்லைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் டீச்சர். இத்தனை மாதமாக அவள் காத்திருந்த சொல் அது: வாய் சொன்னதல்ல, அக்கா சொன்னது.

அது அவளுக்குத்தான் புரியும் என்று தெரிந்தே சொன்னார் என்பதும் அவளுக்குப் புரிந்தது.

"ஆமா," என்றாள் சின்னவள் ஆயாவிடம். "லஞ்ச்தான் கேக்குறாங்க."

பைவாரிலிருந்து அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஆயா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவள் மனதில் முதலில் வந்தது துக்கம் அல்ல. அப்போ நான்? என்னை நீ விட்டது எந்த ஆற்றில்? அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான்.

"ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார் லிப்ட்காரர்.

"இல்ல."

இடுப்பு கொஞ்சம் தேறியதும் அவர் பெல்ட் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே பயணம் செய்து, வாராவாரம் இல்லத்துக்குப் போய்வந்தார். முதலில் ஸ்பிக்குக்கு ஸ்பேன் வந்தது. பிறகு சொல்வதற்கு நேரம் எடுத்தது. பிறகு டீச்சர் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பதில் வராது. "அங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா யாருக்கும் நேரம் இல்ல," என்றார் வீட்டுக்கு வந்து. "அடுத்த மாசம் கூட்டிட்டு வந்துடலாம்மா."

"டாக்டர் இன்னும் தூக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காரு?"

அடுத்த மாதம் லேப்பில் ஆள் குறைவு. அதற்கடுத்த மாதம் வீட்டில் தண்ணீர்க் குழாய் வேலை. சாக்குப்போக்குக்குப் பஞ்சமில்லை. சின்னவளும் இல்லத்துக்குப் போனாள். துணி மாற்றிக் கொடுத்தாள், நகம் வெட்டினாள், தலை வாரிவிட்டாள். டீச்சர் அவளிடம் வாயைத் திறக்கவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டவர் போல இருந்தார்.

வெயில் காலத்தில் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. இந்த முறை காதும் கேட்கிறதா என்பது சந்தேகம் என்றார்கள். சின்னவள் லேப்புக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். அறையில் வேறு யாரும் இல்லை. மதிய வெயில் திரைச்சீலையில் விழுந்திருந்தது. அக்காவின் முகத்தில் எந்த அசைவும் இல்லை.

"நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா," என்றாள் சின்னவள். "புரிஞ்சுது. ஆனா நீ எனக்குச் செஞ்சது மட்டும் சரியா? சமையல்கட்டு வாசல்ல நின்னு எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? வீட்டை விட்டுப் போன புதுசுல உன் ஸ்கூல் விடுற நேரத்துக்கு வந்து எதிர்ப்பக்கம் நின்னிருக்கேன். நீ பாத்த. பாத்துட்டுப் போன. நான் உன்னை விட்டதுக்கு எனக்குக் காரணம் இருந்துச்சு. முடியல. நெஜமாவே முடியல. ஆனா அது மட்டும் இல்ல. விட்டுப் பாப்போமேன்னும் இருந்துச்சு. உனக்கும் தெரியட்டுமேன்னு இருந்துச்சு. கேக்குதாக்கா?"

ஒரு நர்ஸ் வந்து டியூபைச் சரிபார்த்தாள். "பேசுங்க பேசுங்க. பேசறது நல்லதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். சின்னவள் மாலைவரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை அவள் பிடியை ஏற்கவும் இல்லை, உதறவும் இல்லை.

நான்கைந்து நாள் கழித்து டீச்சர் போய்விட்டார். பழைய மாணவிகள் சிலர் வந்தார்கள். நடுவயதுப் பெண்கள், ஒருத்தி டாக்டர், ஒருத்தி வங்கியில் பெரிய வேலை. டீச்சருக்கு முன்னால் நிற்பதைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லிப்ட்காரர் இடுப்பு வலியோடு எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தார். சொந்த அக்காவைப் பறிகொடுத்தவரைப் போல ஓர் ஓரமாக நின்று அழுதார்.

எல்லாம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஞாயிறு காலை. கூடத்துக் கட்டிலைப் பிரித்து ஓரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் கையில் ஒரு மரச்சட்டத்தைப் பிடித்தபடியே சொன்னாள். இல்லத்து வாசலில் அக்கா சொன்ன சொல்லை, ஆயா அதை லஞ்ச் என்று எடுத்துக்கொண்டதை, தான் ஆமாம் போட்டதை எல்லாம் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் சொன்னாள்.

லிப்ட்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் தவழ்ந்தாவது போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"தெரியும்," என்றாள். "அதனாலதான் சொல்லல."

அவர் அவளைத் திட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. மீதி இருந்த ஆணிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார். யாரோ போன் செய்தார்கள். எங்கோ ஒரு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்தார், கைகால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார். அவள் உப்பை எடுத்து வைத்தாள்.

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு தடவையாவது கத்தித் தீர்த்திருந்தால் தேவலை என்று சின்னவளுக்கு இருந்தது.